கல்லில் என்ன பெயர் வெட்டுவது?

1

சில வாரங்களுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை, என் மகள் என்னிடம் என் பெயரைக் கேட்டாள்.

பெர்த் நகரின் தென்புறம் நாங்கள் குடியிருக்கும் பகுதியில் ஒரு பெரிய வணிக வளாகம் இருக்கிறது. அங்கே ஒரு பழச்சாறு கடையில் நிலா சனி, ஞாயிறுகளில் வேலைக்குச் சேர்ந்து அப்போது ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பதினேழு வயது, பள்ளி இறுதி ஆண்டு. படிக்கிற நேரத்தில் எதற்கு இதெல்லாம் என்று நான் முணுமுணுத்துப் பார்த்தேன். இந்த ஊரில் எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான் என்று என் மனைவி செல்வி என் வாயை அடைத்துவிட்டாள். அன்று பல்பு வாங்கப் போன நான், மகளை ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம் என்று அந்தக் கடை வரிசையில் போய் நின்றேன்.

என் முறை வந்தது. நிலா பச்சைத் தொப்பி போட்டிருந்தாள். சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையில் ‘லேனா’ என்று இருந்தது. அதை இரண்டு முறை படித்தேன். ஆரஞ்சும் இஞ்சியும் கலந்த ஒன்றைச் சொன்னேன். அவள் திரையில் தட்டினாள். பிறகு நிமிர்ந்து, மற்றவர்களைக் கேட்ட அதே குரலில், ஆங்கிலத்தில், “ஆர்டருக்கு என்ன பேர் போடட்டும்?” என்றாள். இங்கே அது வழக்கம். கோப்பையில் பெயரை எழுதி, தயாரானதும் கூப்பிடுவார்கள்.

“குமார்” என்றேன்.

எழுதிக்கொண்டாள். நான் அட்டையைக் காட்டிப் பணம் கட்டினேன். “தேங்க்யூ, குமார்” என்றாள். இரண்டு நிமிடத்தில் இன்னொரு பெண் “குமார்!” என்று கூவிக் கோப்பையை நீட்டினாள். வாங்கிக்கொண்டு காருக்கு வந்துவிட்டேன். பல்பு ஞாபகத்திலேயே இல்லை. வண்டியை எடுக்க அரை மணி நேரம் ஆனது.

பெற்ற பெண், வேறு ஒரு பெயரை மாட்டிக்கொண்டு, என்னைத் தெரியாதவள் போல நடந்துகொள்கிறாள். எந்தத் தகப்பனுக்கும் அது வலிக்கும். என்னை உலுக்கியது அதுவல்ல. அவள் என்ன செய்கிறாள் என்பது எனக்கு உடனே புரிந்துவிட்டது, நானும் கண் இமைக்காமல் சேர்ந்து நடித்துக் கொடுத்துவிட்டேன். அந்த வேலையில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே நல்ல பயிற்சி.

வீட்டில் அதைப் பற்றி அவளும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

2

நான் ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறேன். அறுவைக் கூடத்தில் பயன்படுத்திய கத்தி, கத்தரி, இடுக்கிகளைக் கழுவி, கிருமி நீக்கி, தட்டில் அடுக்கி மறுபடி அனுப்புகிற பிரிவு. ஒவ்வொரு தட்டோடும் ஒரு சீட்டு போகும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் அதில் கையெழுத்துப் போட வேண்டும். இத்தனை வருடத்தில் எத்தனையோ ஆயிரம் முறை போட்டிருப்பேன்.

அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்களன்று கை ஓடவில்லை. பேனாவைச் சீட்டில் வைத்தேன். ‘கே’ என்ற முதல் எழுத்தோடு நின்றது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. மூச்சு மேல்வரைக்கும்தான் வந்தது. மாரடைப்பு என்று நினைத்து உட்கார்ந்துவிட்டேன். மருத்துவமனையிலேயே இருந்ததால் எல்லாப் பரிசோதனையும் உடனே ஆயிற்று. இதயத்தில் ஒன்றுமில்லை. பயம் என்றார்கள்.

எங்கள் மேற்பார்வையாளர் நல்ல பெண்மணி. ஊழியர்களுக்கு ஆலோசனை சொல்கிறவர்கள் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, யாரையாவது பார்த்துவிட்டு வா என்றார். எட்டுப் பெயர்கள். ஒருவர் பெயருக்கு நேரே, ஆன்மிகத்தை அடிப்படையாகக் கொண்ட உளவியல் என்று போட்டிருந்தது. வெறும் உளவியல் என்றால் பைத்தியத்துக்கான வைத்தியம் என்று ஊரில் நினைத்து வளர்ந்தவன் நான். ஆன்மிகம் என்றிருந்தால் பாதிக்குப் பாதி தப்பிக்கலாம் என்று அதைத் தேர்ந்தெடுத்தேன்.

அவர் பெயர் ஹெலன். அறுபது வயதிருக்கும். இங்கே அப்போது வசந்தம். பூக்களின் தூசி ஒத்துக்கொள்ளாமல் நிமிடத்துக்கு ஒருமுறை மூக்கைத் துடைத்துக்கொண்டே பேசினார். பயத்தை நோயாக நான் பார்ப்பதில்லை என்றார். ஒவ்வொரு மனிதருக்குள்ளும் ஆன்மா என்று ஒன்று அடிபடாமல் முழுதாக இருக்கிறது, அதன்மேல் நாம் மாட்டிக்கொண்ட வேடங்கள்தான் களைத்துப்போய்க் கீழே விழுகின்றன என்றார். பிறகு கண்ணை மூடச் சொன்னார். மூச்சைக் கவனியுங்கள். உங்களுக்குள் பத்து வயதுப் பையன் ஒருவன் இருக்கிறானே, அவனை வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லி மனதுக்குள் கூப்பிடுங்கள்.

குமார் என்று கூப்பிட்டேன். யாரும் வரவில்லை. குமரவேல் என்றேன். ஒருவரும் இல்லை.

“வந்தானா?” என்றார் ஹெலன்.

“வந்துவிட்டான்.”

“என்ன செய்கிறான்?”

“கடற்கரையில் விளையாடுகிறான்.”

“யாரோடு?”

“நாயோடு.”

எங்களிடம் நாய் இருந்ததே இல்லை. அவர் மகிழ்ச்சியாகக் குறித்துக்கொண்டார். நாயின் நிறத்தைக்கூடக் கேட்டார், சொன்னேன். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. என் ஆன்மாவைத் தேடித் தருகிறேன் என்று வந்தவரிடமும் அதிகாரி கேட்டால் சொல்கிற பதிலைத்தான் சொல்லியிருக்கிறேன்.

3

அது என்ன பதில் என்று சொல்கிறேன். இதை எழுத இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது.

எங்கள் ஊர் திருவிடந்தைக்கு மேற்கே, கால்வாயைத் தாண்டி இருக்கிறது. கடல் கண்ணுக்குத் தெரியாது. காற்று கிழக்கிலிருந்து வந்தால் சத்தம் மட்டும் கேட்கும். நிலமில்லாத குடும்பம். தாத்தா காலத்தில் ஞானஸ்நானம் வாங்கினார்கள். அம்மா நாற்று நட்டார், சவுக்குத் தோப்பில் கழி சுமந்தார், பிறகு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தார். அப்பா சீக்கிரம் போய்விட்டார். அண்ணன், நான், இரண்டே பேர்.

மதம் மாறினால் பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடையாது என்கிறது சட்டம். ஆனால் நாங்கள் வேதக்காரர்கள் ஆனதால் டீக்கடையில் யாரும் எங்கள் தம்ளரை மாற்றிவிடவில்லை. மாதா கோயிலுக்குள்ளேயே எங்கள் தெரு ஆட்கள் இடப்பக்கத்தில் தனியாகத்தான் உட்கார வேண்டும். சான்றிதழ் இல்லையென்றால் செங்கல்பட்டில் அரசு விடுதி இல்லை, விடுதி இல்லையென்றால் படிப்பு இல்லை. அதனால் எங்கள் பக்கத்தில் நிறையப் பேருக்கு இரண்டு பெயர். பள்ளிக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று. அம்மா ரேஷன் கார்டில் சரோஜா, கோயிலில் சவரியம்மாள். அண்ணனுக்கு அதிர்ஷ்டம். சின்னப்பன் என்பது புனித பவுலுக்கு நம்மவர்கள் வைத்த பெயர். கேட்பவர்களுக்குச் சாதாரணத் தமிழ்ப் பெயர். ஒரே பெயரில் இரண்டு இடத்திலும் பிழைத்துக்கொண்டான்.

நான் பள்ளியில் குமரவேல். வீட்டில் சூசை, கேட்டதுமே வேதக்காரன் என்று தெரிந்துவிடும்.

எனக்குப் பத்து வயதில், சான்றிதழுக்காக வருவாய் ஆய்வாளர் வீடு பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. அம்மா சுவரிலிருந்த திருக்குடும்பப் படத்தைக் கழற்றிப் புடவையில் சுற்றி அரிசி டிரம்முக்குள் இறக்கினார். ஜெபமாலையும் உள்ளே போனது. என்னை முன்னால் நிற்க வைத்துக்கொண்டார்.

“பேரு இன்னானு கேட்டா?”

“குமரவேல்.”

“வூட்ல இன்னானு கூப்டுவாங்க?”

“குமாரு.”

“சாமி படம் எங்கனு கேட்டா?”

“அம்மா புச்சா வாங்கப் போவுது.”

இருபது தடவையாவது சொல்ல வைத்தார். அண்ணன் ஓரமாக உட்கார்ந்து சிரித்தான். “இவன் மூஞ்சியே காட்டிக் குடுத்துரும்மா” என்றான். அவனுக்கும் ஒரு அடி விழுந்தது.

ஆய்வாளர் மொபெட்டில் வந்தார். வீட்டுக்குள் வரவில்லை, வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தார். சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. நடுவில் ஆணி. அம்மா அவசரத்தில் ஒரு சின்னக் காலண்டரை அதில் மாட்டியிருந்தார்.

“ஏம்மா, காலண்டருக்கா இம்மாம் பெரிய ஆணி?”

“காத்து அடிக்குதுங்களே சாமி.”

அவர் என் பக்கம் திரும்பிப் பெயர் கேட்டார். சொன்னேன். வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்றும் கேட்டார், சொன்னேன். குரல் நடுங்கவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இன்று தோன்றுகிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அம்மா படத்தை எடுத்து மாட்டிவிட்டு, கை நிறையப் பொட்டுக்கடலை எடுத்துக்கொண்டு, “சூசே, இந்தா” என்றார். நான் வாங்கவில்லை. “அந்தப் பேரச் சொல்லாத. யார்னா கேட்டா படிப்பு போயிடும்” என்று அழுதேன். விளையாட்டு இல்லை, உண்மையாகவே அப்படி நம்பினேன். அம்மா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு என்னை அந்தப் பெயரால் கூப்பிடவில்லை. குமரவேல் என்றும் கூப்பிடவில்லை. “சின்னவனே” என்பார். இல்லையென்றால் “டேய்”.

விடுதியில் படித்தேன். செங்கல்பட்டிலேயே வேதியியல் பட்டம் வாங்கினேன். குமரவேல் பாஸ்போர்ட் எடுத்தான், குமரவேல் விமானம் ஏறினான். குடியுரிமைப் படிவத்தில், இதற்கு முன் வேறு பெயரால் அறியப்பட்டதுண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. இல்லை என்ற கட்டத்தில் குறியிட்டேன். இன்றுவரை வீட்டுக்கு அரசாங்கக் கடிதம் எது வந்தாலும், பிரிப்பதற்கு முன்னால் நான் நினைப்பது அந்தக் கட்டத்தைத்தான்.

4

ஹெலனைப் பார்த்த அதே வாரம் அண்ணன் ஊரிலிருந்து கூப்பிட்டான். அம்மா போய் ஓராண்டு ஆகப்போகிறது. கல்லறைத் திருநாளுக்குள் கல் வைத்துவிட வேண்டும் என்று மாமல்லபுரம் சாலையில் ஒரு கல்பட்டறையில் சொல்லியிருக்கிறான்.

“கல்லு சூப்பரா கீதுடா. கறுப்பு. மூஞ்சி பார்த்துக்கலாம்” என்றான்.

“சரிண்ணா.”

“கீழ மகன்கள்னு போட்டு நம்ம ரெண்டு பேரு பேரு வரும். எம்பேருக்கு ஒண்ணும் பேஜாரு இல்ல. உன் பேரு இன்னானு வெட்டறது?”

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

“இன்னாடா, லைன்ல கீறியா?”

“யோசிச்சு சொல்றேண்ணா.”

“உம்பேரு சொல்றதுக்கு யோசனையா! நல்லா யோசி, அண்ணாத்த. வெட்டிட்டா அழிக்க முடியாது. மேஸ்திரி பத்து நாளுதான் டயம் குடுத்துக்கீறாரு.”

அவன் சிரித்துக்கொண்டு சொன்னதுதான். எனக்கு வியர்த்தது. சிரிக்காதீர்கள், கல்லறையில் சூசை என்று இருந்தால் யாராவது படம் எடுத்துப் போட்டு, அது இந்த ஊர்க் குடியேற்றத் துறை கண்ணில் பட்டுவிட்டால் என்றுகூட யோசித்தேன். ஆனால் குமரவேல் என்று வெட்டச் சொல்லவும் நாக்கு வரவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதை அண்ணனிடம் சொன்னதில்லை, செல்வியிடமும் சொன்னதில்லை.

சென்ற ஆண்டு அம்மா செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஒரு மதியம், என் இடைவேளையில், அண்ணன் வீடியோவில் கூப்பிட்டு, போனை அம்மாவின் தலையணை ஓரம் சாய்த்து வைத்துவிட்டு மருந்து வாங்கப் போனான். நான் ஊழியர் அறையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் மதுராந்தகத்துக்காரர் ஒருவர். புதிதாக வேலைக்கு வந்தவர். வெளிநாட்டில் தமிழர் தமிழரைப் பார்த்தால் பத்து நிமிடத்தில் ஊர் கேட்பார்கள், அடுத்து எந்தத் தெரு, அடுத்து குலதெய்வம் எது என்று வந்துவிடும். அவரும் கேட்டிருந்தார். நானும் ஒரு குலதெய்வத்தின் பெயரைச் சொல்லிவைத்திருந்தேன்.

அம்மா மூக்கிலிருந்த குழாயை ஒதுக்கிக்கொண்டு திரையைப் பார்த்தார். “சூசே” என்றார். “சூசே, துன்னியாடா?”

பத்து வயதுக்குப் பிறகு முதல் முறை.

மதுராந்தகத்துக்காரர் தேநீரிலிருந்து தலையைத் தூக்கினார். என் கட்டைவிரல் தானாகப் போய்ச் சத்தத்தைக் குறைத்தது. முழுதாகக் குறைத்துவிட்டது. அம்மாவின் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. ஏதோ நிறையச் சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பிறகு கை காட்டினேன்.

மறுநாள் விடிகாலையில் போய்விட்டார். டிக்கெட் கிடைத்து நான் போய்ச் சேர்ந்தபோது மண் போட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் கல்லறை. குச்சிச் சிலுவை ஒன்று நட்டிருந்தார்கள். அலைச் சத்தம் கேட்டது. நான் அங்கே நின்று ஜெபம் சொல்ல முயன்றேன். யாராக நின்று சொல்வது என்று தெரியவில்லை. பேசாமல் திரும்பிவிட்டேன்.

5

இரண்டாவது முறை ஹெலனிடம் போனபோது, நாய் பொய் என்று முதலில் சொன்னேன். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “கறுப்பு நாய் என்று சொன்னீர்களே, எனக்குப் பிடித்திருந்தது” என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஆய்வாளர், ஆணி, பொட்டுக்கடலை, கட்டைவிரல். என் ஆங்கிலம் அலுவலகத்துக்கானது. அழும்போது அது உதவவில்லை. பாதி தமிழில் சொன்னேன். அவர் தடுக்கவில்லை.

எல்லாம் கேட்டுவிட்டு, “கண்ணை மூடுங்கள். உங்கள் அம்மா மறுபடி கூப்பிடுகிறார். இந்த முறை பதில் சொல்லுங்கள்” என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “இந்த முறை என்று ஒன்று கிடையாது. அவர் செத்துப்போய்விட்டார்” என்றேன்.

ஹெலன் பேனாவைக் கீழே வைத்தார். “மன்னியுங்கள், நான் அவசரப்பட்டேன்” என்றார். அந்த ஒரு வார்த்தையால்தான் நான் தொடர்ந்து அங்கே போகிறேன்.

பிறகு வேறு ஒன்று கேட்டார். அந்த வாசலில் நின்று பதில் சொன்ன பையனுக்கு, வேலை முடிந்தது என்று யாராவது வந்து சொன்னார்களா?

யாரும் சொல்லவில்லை. சான்றிதழ் வந்தது, விடுதி கிடைத்தது, பட்டம், விசா, வீடு எல்லாம் கிடைத்தன. அவன் மட்டும் இன்னும் வாசலிலேயே நிற்கிறான். யார் வந்தாலும் முகத்தைச் சரிசெய்துகொண்டு பதில் சொல்கிறான். அதை என் சுபாவம் என்று நினைத்திருந்தேன். பயந்த சுபாவம் என்று செல்வியும் நினைத்திருந்தாள். அது எனக்குக் கொடுத்த வேலை என்பது நாற்பத்தேழு வயதில்தான் தெரிகிறது.

குமரவேல் பொய், சூசை மெய் என்று நான் சொல்ல மாட்டேன். குமரவேல்தான் படித்தான், சம்பாதித்தான், அண்ணன் வீட்டுக்குத் தளம் போட்டுக் கொடுத்தான். அவனை நான் எப்படித் தள்ளிவைப்பது? ஆனால் கடவுளிடம் போய் நிற்க, அம்மாவிடம் போய் நிற்க, அவன் போதவில்லை. அங்கே போக வேண்டியவன் வேறு. ஆன்மா, உண்மையான நான் என்று ஹெலன் சொல்வதை நான் இந்த அளவுக்குத்தான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

இதற்கிடையில் செல்வி ஒரு செய்தி சொன்னாள். நிலா மெல்போர்னில் படிக்க விண்ணப்பம் போட்டிருக்கிறாள். எங்களிடம் கேட்கவில்லை. இடம் கிடைத்தால் பிப்ரவரியில் போய்விடுவாள்.

“லீவுக்கு வருவியாடின்னு கேட்டேன். பாக்கலாம்ங்கறா” என்றாள் செல்வி. “உங்க ரெண்டு பேருக்குள்ள இன்னாங்க நடந்துச்சு? ஒரே வூட்டுல ரெண்டு வாடகைக்காரங்க மாதிரி கீறீங்க.”

இப்படியே அவள் விமானம் ஏறிவிட்டால், எங்களுக்குள் மிஞ்சப்போவது ‘தேங்க்யூ, குமார்’ மட்டும்தான் என்று நினைத்தேன். நெஞ்சு மறுபடி அடிக்க ஆரம்பித்தது.

6

நிலா கார் ஓட்டப் பழகுகிறாள். பக்கத்தில் உரிமம் உள்ள ஒருவர் உட்கார்ந்து, ஓட்டிய நேரத்தை ஒரு புத்தகத்தில் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது இங்கே விதி. பேச்சு நின்றுபோனாலும் அந்தப் புத்தகத்துக்காக ஞாயிறு காலையில், வேலைக்குக் கிளம்பும் முன், என்னோடு வருவாள். கடலோரச் சாலை. இங்கே கடல் மேற்கே இருக்கிறது. இத்தனை வருடத்துக்குப் பிறகும், தண்ணீர் தப்பான பக்கத்தில் கிடப்பதாகத்தான் எனக்குத் தோன்றும்.

ஒருவரையொருவர் பார்க்க வேண்டியதில்லை என்ற தைரியத்தில் ஆரம்பித்தேன்.

“நிலா, அப்பாவுக்கு இன்னொரு பேர் இருக்கு.”

“அப்பா, ரவுண்டானா வருது.” பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பேசுவாள். நான் தமிழில் எழுதுகிறேன்.

ரவுண்டானா தாண்டியதும் சொன்னேன். நிறுத்தாமல் சொன்னேன். கடற்கரை நிறுத்துமிடத்தில் அவளாகவே வண்டியைத் திருப்பி நிறுத்தினாள். கட்டைவிரல் கதையையும் சொல்லி முடித்தேன். கண்ணாடிக்கு வெளியே யாரோ நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

“சூ…சை” என்று சொல்லிப் பார்த்தாள். “அம்மாவுக்குத் தெரியுமா?”

“பேர் தெரியும். பாட்டி கூப்பிட்டது தெரியாது.”

“எனக்கு ஏன் சொல்லல?”

“சொன்னா நீ வெளியில சொல்லிடுவேன்னு.”

“யாருகிட்ட?”

யோசித்தேன். ஒரு ஆள்கூட நினைவுக்கு வரவில்லை.

“அதனாலதான்” என்றேன், “கடையில நீ வேற பேரு மாட்டிக்கிட்டு நின்னப்ப, எனக்குக் கோபம் வரல. நாம கத்துக் குடுத்ததுதானேன்னு…”

அவள் சட்டென்று திரும்பினாள். “என்ன வேற பேரு?”

“லேனா.”

“அப்பா! லேனா போன மாசம் வேலைய விட்டுப் போன பொண்ணு. என் பேட்ஜ் அச்சாகி வரல. அதுவரைக்கும் அத மாட்டிக்கோன்னு மேனேஜர் குடுத்தாங்க. கடையில எல்லாரும் என்னை நிலான்னுதான் கூப்பிடறாங்க.”

“அப்ப, என்னைத் தெரியாத மாதிரி…”

“ஜோக்! அது ஜோக். மேனேஜர் பின்னால நின்னாங்க. நான் பேர் கேட்டா நீங்க சிரிச்சுட்டு, ‘நான் இவ அப்பா’ன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன். அவங்ககிட்ட உங்களக் காட்டலாம்னு இருந்தேன். நீங்க போலீஸப் பாத்தா ஒரு மூஞ்சி வைப்பீங்களே, அத வெச்சுக்கிட்டு ‘குமார்’னு சொன்னீங்க. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல.” அவள் குரல் உடைந்தது. “யாருன்னு அவங்க கேட்டாங்க. கஸ்டமர்னு சொன்னேன். நான் கடையில நிக்கறது உங்களுக்கு அவமானம்னு நெனச்சேன். வீட்டுக்கு வந்தும் நீங்க ஒண்ணும் சொல்லல.”

நான் பெற்ற பெண் எங்கும் ஒளிந்திருக்கவில்லை. திறந்த கடையில், வெளிச்சத்தில், என்னைக் காட்டக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ஒளியத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எனக்குத் தெரிந்த ஒரே காரணத்தை அவள் தலையில் வைத்துவிட்டேன். அவமானம் இல்லை, அவமானம் இல்லை என்று இரண்டு மொழியிலும் சொன்னேன்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “பாட்டி என்ன சொன்னாங்கன்னு இனிமே தெரியவே தெரியாதா?” என்றாள்.

“தெரியாது.”

பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. அதற்காக அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும். புத்தகத்தை எடுத்து நேரத்தை எழுதி, கையெழுத்துக்கு நீட்டினாள். “மெல்போர்னுக்கு நான் போகத்தான் போறேன்” என்றாள். “ஆனா போறதுக்கு முன்னாடி சொல்லிட்டீங்க.”

7

அண்ணன் கொடுத்த பத்து நாளில் ஒன்பதாவது நாள் ஒரு வியாழக்கிழமை. சாயங்காலம் வீட்டுப் பின்புறத் தோட்டத்தில் உட்கார்ந்து அவனைக் கூப்பிட்டேன். அங்கே மதியம். நிலா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள். அண்ணன் பட்டறையிலேயே இருந்தான். போனைத் திருப்பிக் காட்டினான். தகரக் கொட்டகை, வெள்ளைத் தூசி, அதற்குப் பின்னால் சாலையில் கோவளம் பக்கம் போகிற ஒரு பஸ். அந்தப் பஸ்ஸைப் பார்த்ததும் எனக்கு ஓடிப் போய் ஏறிவிடலாம் போலிருந்தது. அதில் உட்கார இடம் இருந்தது.

கறுப்புக் கல் இரண்டு மரக்கட்டைகளின் மேல் கிடந்தது. சாக்பீஸால் எழுதியிருந்தார்கள். மேலே சிலுவை, சவரியம்மாள், மகன்கள், சின்னப்பன். அதன்கீழ் ஒரு வரிக்கு வெற்றிடம்.

மேஸ்திரி தலையில் துண்டு கட்டியிருந்தார். அவருக்கு ஒரு வழக்கம். வெட்டுவதற்கு முன்னால் வீட்டுக்காரர்கள் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். “கண்ணால பாத்துட்டு சரினு போயிடறாங்க சார். நட்ட அப்புறம் தப்புனு வந்து நிக்கறாங்க. நீங்க படிங்க, நான் கேக்கறேன்.”

“ஏண்டா,” என்றான் அண்ணன், குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நான் ஒண்ணு சொல்றேன். ரெண்டு பேரையும் போட்டுக்கலாம். ஒண்ணு பிராக்கெட்ல. எடம் கீது. உனக்கும் பேஜாரு இல்ல.”

“வேணாண்ணா. குமரவேல்னு அம்மா என்னைக் கூப்பிட்டதே இல்ல.”

போன் சற்று ஆடியது.

“பெரியப்பா அழறாங்களா?” என்று நிலா என் காதில் கேட்டாள்.

“தூசிமா, தூசி” என்றான் அவன், கேட்டுவிட்டு.

நான் மேலிருந்து படித்தேன். சவரியம்மாள். மகன்கள். சின்னப்பன். வெற்றிடத்துக்கு வந்ததும் நின்றேன். பக்கத்துக் கொட்டகையில் யாரோ கல் அறுக்கும் மெஷினைப் போட்டார்கள்.

“ரெண்டாவது மகன் பேரு சொல்லுங்க சார்.”

“சூசை” என்றேன்.

“இன்னாது? மெஷின் சத்தத்துல கேக்கல. இன்னும் சத்தமா!”

எழுந்து நின்றேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலாகத் தலையை நீட்டிப் பார்த்தார்.

“சூசை!” என்று கத்தினேன். “சூசை! என் பேரு சூசை!”

“இப்ப கேட்டுச்சு சார்” என்று சொல்லிவிட்டு மேஸ்திரி குனிந்து சாக்பீஸை எடுத்தார்.